யாரையும் திருப்பி அனுப்பாதவர்

இதை எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். மத்திகிரிக்குப் பக்கத்தில் ஒரு பசுமைக்குடிலில் ரோஜாப்பூக்களைக் காம்பு நீளம் பார்த்துப் பிரித்துக் கட்டுகிற வேலை. அங்கே நான் எழுதுவதெல்லாம் அட்டைப்பெட்டியின் மேல் பூவின் நிறமும் கட்டின் எண்ணிக்கையும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு நாக்கு எழாது. அப்படிப்பட்டவள் ஒரு மனிதரைப் பற்றி, அதுவும் அவருக்குத் தெரியாமல் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும். வாயால் சொல்லிப் பார்த்தேன். கூட வேலை செய்யும் இரண்டு பேரிடம் சொன்னேன். ஒருத்தி, "ஐயோ, பாவம் அந்த ஆளு" என்றாள். இன்னொருத்தி, "திருட்டுப் பய" என்றாள். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. தெரிந்தவர்கள் படித்தால் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்கும் சேர்த்து மன்னிப்பு.

அவர் கார் மெக்கானிக். மத்திகிரியிலிருந்து ஓசூர் போகிற வழியில் ஒரு தகர ஷெட். போர்டு கிடையாது. ஆனால் பழைய பெட்ரோல் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் அந்த ஷெட் தெரியும். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. தினமும் ஒரு கம்பெனியின் யூனிஃபார்ம் சட்டை போட்டிருப்பார். இன்றைக்கு நீலம், நாளைக்குச் சாம்பல், மறுநாள் காக்கி. எந்தக் கம்பெனியிலும் அவர் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. வாடிக்கைக்காரர்கள் வேலையை விட்டு வரும்போது கொடுத்துவிட்டுப் போன சட்டைகள். பையின் மேல் யார் பெயரோ தைத்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவரும் "ம்" என்று திரும்புவார்.

எங்கள் கார் இருபத்தைந்து வயதானது. என் கணவர் நல்ல உடம்போடு இருந்த காலத்தில் பெங்களூரில் வாங்கியது, கர்நாடகா நம்பர். ஒரு மெஷின் கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போன பிறகு வேலையும் நின்றது, கார் ஓட்டுவதும் நின்றது. ஓட்டுவதை எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டுக்கு மாறிக்கொண்டார்.

முதல் தடவை அந்த ஷெட்டுக்குப் போனபோது வண்டி மிஸ்ஸிங் அடித்துக்கொண்டிருந்தது. நிற்கிற இடத்திலேயே குலுங்கும். ஏற்றத்தில் இருமும். மெக்கானிக் வெளியே வந்தார், நம்பர் பிளேட்டைப் பார்த்தார்.

"ஏனாயித்து சார்?" என்று என் கணவரைக் கேட்டார்.

"தமிழ்லயே கேளுங்கண்ணா" என்றார் கணவர்.

"பிளேட்டு கன்னடம் பேசுது, ஆளு தமிழா? சரி வுடு. ஆஃப் பண்ணாதம்மா, அப்படியே உக்காந்துனு இரு."

பிளேட்டைப் பார்த்துத்தான் மொழியை எடுப்பார். கர்நாடகா என்றால் கன்னடம், ஆந்திரா என்றால் தெலுங்கு. அவருடைய வீட்டு மொழி தெலுங்கு. எண்ணும்போது மட்டும் அது வரும்.

பானட்டைத் திறந்தார். முதலில் அவர் செய்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கருவி எதையும் எடுக்கவில்லை. இஞ்சின் ஓரமாக ஒரு டம்ளர் உயரத்துக்கு இருந்த கறுப்பு டப்பாவின் மேல் உள்ளங்கையை வைத்தார், காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல. அதற்குப் பெயர் காயில் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பேட்டரியின் சின்னக் கரண்டைப் பெரிதாக்கி, பெட்ரோலைப் பற்றவைக்கிற பிளக்குகளுக்கு அனுப்புவது அதுதான். "இவன் நல்லாக்கீறான்" என்றார். பிறகு ரப்பர் பிடி போட்ட பிளையரால், ஓடுகிற இஞ்சினிலேயே ஒவ்வொரு பிளக்கு ஒயராகப் பிடுங்கி, மறுபடியும் மாட்டினார்.

"ஒகடி." இஞ்சின் தடுமாறியது. மாட்டினார். "ரெண்டு." மறுபடியும் தடுமாறியது. "மூடு."

மூன்றாவது ஒயரைப் பிடுங்கியபோது சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"பாத்தியாம்மா? நாலு பேரு செய்யற வேலை. மூணாவது ஆளு ஷிப்டுக்கே வரல. பஞ்ச் மட்டும் அடிச்சுட்டுத் தூங்கறான். மத்த மூணு பேரு முனகினே இழுக்கறானுங்க."

என் கணவர் பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார். மெக்கானிக் அந்தப் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். கரி பிடித்துக் கறுத்துப்போயிருந்தது. அரைமணி நேரத்தில் கார் பூப்போல ஓடியது.

அவரிடம் ஒரு குணம் உண்டு. நான் எழுத வந்ததே அதைப் பற்றித்தான். "நாளைக்கு வாங்க" என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. விட்டுவிட்டுப் போகிற வண்டி நிற்கலாம், வாசலில் காத்திருப்பவரின் வண்டி அன்றைக்கே ஓடி வெளியே போக வேண்டும். தள்ளிக்கொண்டு வந்தவர் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். உதிரி பாகம் கிடைக்காது, இந்த மாடல் நின்று பல வருஷமாகிறது, பெங்களூரில் சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு ஒரு காரணமே இல்லை. எங்கிருந்தாவது எடுத்து மாட்டுவார்.

ஷெட்டுக்குப் பின்னால்தான் வீடு. ஒருநாள் நான் இருக்கும்போது அவர் மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"குக்கர் ரப்பர் எங்க?"

"எந்த ரப்பரு?"

"நடிக்காத. மூடியில இருந்த ரப்பரு."

"அது... பாகலூருக்குப் போயினு இருக்குது. ஏர் ஃபில்டர் மூடிக்கு அளவெடுத்த மாதிரி உக்காந்துகிச்சு."

"அப்ப மத்தியானம் பாகலூருக்கே போய்ச் சோறு தின்னு."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். இன்னொரு முறை தன்னுடைய ஸ்கூட்டரின் பேட்டரியை ஒரு கல்யாணக் காருக்குக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் ஓசூருக்கு பஸ்ஸில் போய் வந்தார். இதையெல்லாம் பார்த்து நான் அவர் மேல் வைத்த மரியாதை கொஞ்சமல்ல. என் கூடப் பிறந்தவர்களிடம்கூட நான் அத்தனை பேசியதில்லை. ரோஜாப்பூ பிரிக்கும்போது காம்பு குட்டையானவற்றை எங்களுக்குத் தந்துவிடுவார்கள். அதைக் கட்டி அவர் மனைவிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். "உங்க அண்ணன் வீட்டுக்குப் போற வழியில என்னையும் கொஞ்சம் ஆஸ்பத்திரில வுட்டுடு" என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். திங்கள், புதன், வெள்ளி. ஓசூரில் இடம் காலி இல்லை. கிருஷ்ணகிரியில்தான் கிடைத்தது. பதினொரு மணிக்கு மெஷின். நாலு மணி நேரம். மூன்று மணிக்கு அதே கட்டிலுக்கு அடுத்த நோயாளி வந்துவிடுவார். நாம் ஒரு மணி நேரம் தாமதமாகப் போனால் நம்முடைய நாலு மணி நேரம் மூன்றாகிவிடும். எடுக்காமல் விட்ட நீர் உடம்பிலேயே நிற்கும். அன்றைக்கெல்லாம் அவரால் படுக்க முடியாது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே மூச்சு விடுவார். அடிக்கடி தாமதமானால் இடத்தையே வரிசையில் இருப்பவருக்குக் கொடுத்துவிடுவார்கள். பஸ்ஸில் இரண்டு முறை போய்ப் பார்த்தோம். திரும்பும்போது சூளகிரியில் இறக்கி, சாலை ஓரம் படுக்க வைக்க வேண்டியதாயிற்று. அந்தக் கார்தான் எங்களுக்கு எல்லாம்.

ஒரு திங்கட்கிழமை காலையில் அது கிளம்பவே இல்லை. பக்கத்து வீட்டு ஆட்டோவில் கயிறு கட்டி ஷெட்டுக்கு இழுத்துப் போனோம். மெக்கானிக் காயில் மேல் கை வைத்தார். ஒயரைப் பிடித்துப் பார்த்தார், பொறி வரவில்லை. "இவன் போய்ட்டான்" என்றார்.

என் கணவர் மணி பார்த்தார். மெக்கானிக் எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்தார். ஷெட்டில் நின்ற ஒரு நீல நிறக் காரின் பானட்டைத் திறந்து, அதன் காயிலைக் கழற்றி எங்கள் வண்டியில் மாட்டினார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"போய்ட்டு வா தங்கச்சி. புது காயில் சொல்லி வைக்கறேன். வந்ததும் மாத்திக்கலாம்."

அது அந்த ஷெட்டில் வழக்கம்தான். கெட்டது எதுவென்று சந்தேகம் வந்தால், நிற்கிற வண்டியிலிருந்து நல்லதைக் கழற்றி இதில் மாட்டிப் பார்ப்பார். ஓடினால் கெட்டது எது என்று தெரிந்துவிடும். பிறகு திருப்பி மாட்டிவிடுவார். அவசரம் என்றால் சில நாள் கழித்துத் திருப்பி மாட்டுவார். எனக்குப் புது காயில் வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் நான் நீலக் காரின் காயிலில்தான் ஓட்டினேன். ஒரு நாள்கூட நிற்கவில்லை. அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

புது காயில் மாட்டி நாலைந்து மாதம் போயிருக்கும். பிரேக் சரியில்லை என்று ஒரு சனிக்கிழமை வண்டியை ஷெட்டில் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டேன். திங்களும் புதனும் மழை மூட்டம், சிக்கல் இல்லாமல் போய் வந்தோம். வெள்ளிக்கிழமை நல்ல வெயில். குந்தாரப்பள்ளி நெருங்கும்போது வண்டி இரண்டு முறை வெட்டி இழுத்தது, பிறகு செத்துவிட்டது.

அன்றைக்கு அங்கே சந்தை. மாடு பிடித்துக்கொண்டு போகிறவர்கள் நாலு பேர் ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். "மாடா இருந்தா வாலை முறுக்கலாம், இத என்னா பண்றது?" என்றார் ஒருவர். நான் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுற்றியதே தவிரப் பற்றவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, கடைசியாக ஒரு தடவை என்று திருப்பினேன். ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் இதே கதைதான். மறுநாளே ஷெட்டுக்கு ஓடினேன். பிளக்கு நாலையும் மாற்றினார். அடுத்த வாரம் மறுபடி நின்றது, ஒயர்களை மாற்றினார். பிறகு, ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பங்கு போடுகிற மூடியை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பெட்ரோலில் தண்ணீர் என்றார். சூளகிரி ஏற்றம் என்றார். காலையில் ஷெட்டில் வைத்து ஓட்டிப் பார்த்தால் வண்டி பூப்போல ஓடும். வெயில் நாளில் நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் ஓடிச் சூடானால் நின்றுவிடும். ஆறினால் கிளம்பிவிடும்.

அந்த ஐந்து வாரமும் அவர் என்னிடம் கூலியே வாங்கவில்லை. "வுடு தங்கச்சி, கண்டுபுடிச்சப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அதை நான் அன்பு என்று எடுத்துக்கொண்டேன்.

"உங்க அண்ணன் அரைமணி நேரத்துல கண்டுபுடிக்கற ஆளாச்சே" என்றார் என் கணவர் ஒருநாள். குரலில் கிண்டல் இல்லை.

"பழைய வண்டி. அவரு என்னா பண்ணுவாரு?" என்றேன்.

"நான் முப்பது வருஷம் மெஷின் பாத்தவன். தேடற ஆளோட கை வேற மாதிரி இருக்கும்."

எனக்குக் கோபம் வந்தது, கணவர் மேல். நோயாளிக்கு எல்லார் மேலும் சந்தேகம் வரும் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்குக் கூடுதலாக இரண்டு கட்டு ரோஜா எடுத்துப் போனேன் மெக்கானிக் வீட்டுக்கு.

மூன்றாவது தடவை தாமதமானது ஒரு திங்கட்கிழமை. அதே குந்தாரப்பள்ளி. கணவர் சீட்டில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், கால் வீங்கியிருந்தது. எதிரே வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கும் ஒரு சின்னக் கடை. அங்கிருந்து ஒருவர் தானாகவே வந்தார். பானட்டைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் காயில் மேல் கை வைத்தார், சுட்டுவிட்டது போல எடுத்தார்.

"யக்கா, தண்ணி இருக்குதா?"

கணவரின் தோளில் கிடந்த துண்டை வாங்கி, நனைத்து, காயிலைச் சுற்றிக் கட்டினார். ஐந்து நிமிஷம் நின்றார்.

"இப்ப அடிங்க."

கிளம்பிவிட்டது.

"காயில் உள்ள வெந்துபோச்சு. ஆறினா வேலை செய்யும், சூடானா படுத்துக்கும். இதுக்கா ஊரையே மாத்தி வச்சிருக்காங்க? பிளக்கு புதுசு, ஒயரு புதுசு, மூடி புதுசு."

"காயிலும் புதுசுதாங்க. மாத்தி ஆறு மாசம்தான் ஆவுது."

அவர் துண்டை விலக்கிக் காட்டினார். "இதுவா புதுசு? பெயிண்ட் உரிஞ்சி, துரு ஏறிப் பத்து வருஷம் ஆகியிருக்கும். இந்த வண்டியோட காயிலே இல்லக்கா இது. பொருந்தறதுன்னு மாட்டியிருக்காங்க."

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. எந்த வண்டி வந்தாலும் முதலில் காயில் மேல் கை வைக்கிறவர், இந்த ஐந்து வாரத்தில் என் வண்டியின் காயில் பக்கம் ஒரு தடவைகூடக் கையைக் கொண்டுபோகவில்லை. நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கை அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனது. கணவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன்" என்றாவது சொல்லியிருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு இரண்டே முக்கால் மணி நேரம்தான் மெஷின் கிடைத்தது. சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வெயிட்டிங்ல பதினாலு பேர் இருக்காங்கம்மா. புதன்கிழமையும் லேட்டானா அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவோம். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

மறுநாள் செவ்வாய்க்கிழமை மத்தியானம் காரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். "நான் வேணா வந்து சத்தம் போடறேன்" என்றார் கணவர். எழுந்து நிற்கவே அவருக்குச் சுவர் வேண்டியிருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனேன். ஷெட் வாசலில் நின்றதும் எல்லாம் போய்விட்டது.

"வா தங்கச்சி. நேத்து எப்படி ஓடிச்சு?"

"காயில் என்னுது இல்லண்ணா" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

எந்தக் காயில் என்று அவர் கேட்கவில்லை. ஸ்பானரைக் கீழே வைத்தார். பழந்துணி எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"யாரு சொன்னா?"

"குந்தாரப்பள்ளில ஒருத்தர்."

"கை வச்சுப் பாத்தானா?"

"ம்."

"நல்ல வேலைக்காரன்" என்றார்.

"என்னுது எங்கண்ணா?"

"கல்லாவி ஊருல." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நீ பிரேக்குக்கு வுட்ட அன்னிக்கு அந்த ஊருக்காரன் ஒருத்தன் வந்தான். பொண்ணுக்கு நிச்சயம், கார் நெறைய ஆளு, காயில் போச்சு. வாசல்ல நின்னு கத்தறான். அந்த நேரத்துல திருப்பி அனுப்ப முடியுமா, நீயே சொல்லு. ரெண்டு நாள்ல கொண்டாந்து குடுத்துடறேன்னான். இன்னும் வரல. போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறான்."

"ஷெட்ல ஆறேழு வண்டி நின்னுதே."

"அந்தக் காயில் பொருந்தறது மூணுதான். ஒண்ணு வக்கீலுது. ஒண்ணு, போலீஸ்காரரு மச்சானுது. கை வச்சா ஷெட்டையே பிரிச்சிடுவாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "நீ ஒண்ணும் சொல்ல மாட்டன்னு எனக்குத் தெரியும்."

அவர் அதைக் கேவலமாகச் சொல்லவில்லை. ஒருவரைப் பாராட்டுவது போலத்தான் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. என் பேசாத குணத்தை இத்தனை நாளும் அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அவர் அதை அளந்து வைத்திருந்தார், எந்தப் பாகம் எந்த வண்டிக்குப் பொருந்தும் என்று தெரிந்து வைத்திருப்பது போல.

"அவரு நெலமை உங்களுக்குத் தெரியாதாண்ணா?"

"தெரியும்."

"அஞ்சு வாரம் பிளக்கு மாத்தினீங்க. ஒயரு மாத்தினீங்க. தண்ணின்னு சொன்னீங்க. நானும் பக்கத்துல நின்னு டார்ச் புடிச்சேன்."

அவர் மனைவி பின்வாசலில் வந்து நின்றார், எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. என் ரோஜாப்பூவை வாங்கிக்கொண்ட கை அது.

"மொத வாரமே சொல்லியிருக்கணும்" என்றார் கடைசியில். "சொல்லாத வுட்டுட்டேன். அப்புறம் எப்படிச் சொல்றது? அவன் வண்டியோட பழைய காயில் ஆறினதும் ஓடிச்சு, தாங்கிடும்னு நெனச்சேன். வேற எதாவது மாத்தினா லோடு கொறஞ்சு ஓடிடும்னு பாத்தேன்." பிறகு என்னை நேராகப் பார்த்தார். "தங்கச்சி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. அன்னிக்கு நீலக் காருலருந்து உனக்கு மாட்டினனே. அது யாருது, அவங்க என்னா பண்ணுவாங்கன்னு நீ கேட்டியா?"

கேட்கவில்லை. மூன்று வாரம், ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. அப்போது ஷெட்டில் பழைய டயர் மேல் ஒரு பெரியவர் வந்து வந்து உட்கார்ந்திருப்பார். அந்த நீலக் காரைக் காட்டி, "ரெடியாப்பா?" என்பார். "இன்னும் ரெண்டு நாளுங்க" என்பார் மெக்கானிக். பெரியவர் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போவார். அவரைப் பார்த்து நான் ஒருமுறை சிரித்தும் இருக்கிறேன். வண்டியை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

இதைச் சொன்னதால் அவர் செய்தது சரியாகிவிடாது. வக்கீலின் காரையும் போலீஸ்காரர் மச்சானின் காரையும் ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் என் கணவரின் மூச்சை வைத்து அவர் நிறுத்துப் பார்த்ததை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. வேறு யாராவது செய்திருந்தால் மறந்திருப்பேன். நான் அண்ணா என்று கூப்பிட்ட ஒரே வெளியாள் அவர்தான்.

"நாளைக்குப் புதன் இல்ல?" என்றார்.

"ஆமா. நாளைக்கும் லேட்டானா எடத்தையே எடுத்துடுவாங்க."

"கடையில கெடைக்காது. பெங்களூருக்குச் சொன்னாலும் வெள்ளிக்கிழமைதான்." எழுந்து ஷெட்டின் உள்பக்கம் நடந்தார். அங்கே ஒரு வெள்ளை கார் நின்றது. அதன் பானட்டில் தட்டினார். "இதுல நல்ல காயில் இருக்குது."

"யாருதுண்ணா?" இந்த முறை கேட்டேன்.

"ஒரு டீச்சரம்மா. பாகலூர் பக்கம். சைலன்சருக்கு வுட்டிருக்காங்க. சனிக்கிழமைதான் வருவாங்க. அதுக்குள்ள கல்லாவிக்கு நானே நேராப் போய் உன்னுத வாங்கியாந்துடறேன்."

"வாங்கியாரலன்னா? அவங்க என்னா பண்ணுவாங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. உன்ன மாதிரிதான்."

ஸ்பானரைக் கையில் எடுத்துக்கொண்டார். ஆனால் பானட்டைத் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்து அவர் யாரையும் எதுவும் கேட்டுவிட்டு மாட்டியதில்லை. அன்றைக்கு நின்று கேட்டார்.

"மாட்டட்டுமா?"

வெள்ளைக் காரின் பின் கண்ணாடியில் ஒரு சின்னப் பிள்ளையின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சீட்டில் ஒரு குடை கிடந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கணவர் நேற்று இரவு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது மட்டும்தான் கண்ணில் இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

பத்து நிமிஷத்தில் மாட்டிவிட்டார். என்னுடைய வண்டியிலிருந்த வெந்த காயிலை அந்த வெள்ளைக் காரில் வைத்து நட்டை முடுக்கினார். பானட்டை மூடினார். நான் அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் புதன்கிழமை. ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். நல்ல வெயில். வண்டி எங்கேயும் நிற்கவில்லை. பத்தரை மணிக்கே கிருஷ்ணகிரி போய்விட்டோம். பதினொரு மணிக்கு அவரை மெஷினில் போட்டார்கள். முழு நாலு மணி நேரம் கிடைத்தது.